இல்லாத இடத்துக்கு ஒரு கட்டை

உப்பு வெடிக்கிற சத்தம். திருஷ்டி சுற்றிய கைப்பிடி உப்பு அடுப்பில் விழுந்ததும் முதலில் ஒன்றுமே இருக்காது, அம்மா குனிந்து காத்திருப்பாள், ஓரத்தில் ஒன்று பொரியும், உடனே இன்னொன்று, அப்புறம் தகரத்தில் மழை இறங்கியது போலப் படபடவென்று ஒரே வெடி. "பாத்தியளா, எம்புட்டுக் கண்ணு" என்பாள், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவள் மாதிரி. தென்காசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உலகம்மாளுக்கு அது இப்போது கேட்டது, வடகடலின் நடுவே ஓர் எண்ணெய்த்தளம் போல நிற்கும் துளைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு தகர அறையில், கழுத்துவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு கரைக்குப் போகும் ஹெலிகாப்டருக்காக அவள் உட்கார்ந்திருந்தபோது. உண்மையில் கேட்டது வேறு சத்தம். வெளித்தளத்தில் யாரோ மோட்டார் கருவியால் திருகாணி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நீண்ட உறுமல், முடிவில் மரத்தில் ஆணி இறுகும்போது டக் டக் டக் என்று ஒரு நொறுங்கல். கடலுக்கு அடியிலிருந்து வெட்டியெடுத்த உப்புப் பாறையைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, மூடி போட்டு, பிற்பகல் கப்பலில் ஏற்றப் போகிறார்கள். ஒரு பெட்டிக்கு மூடி இறுகியதும் சத்தம் நிற்கும், சற்று நேரம் ஒன்றும் இருக்காது, அடுத்த பெட்டியில் தொடங்கும். கல்லூரியில் முதல் வருஷம் லீவுக்கு வந்தபோது அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அது கண்ணு இல்லம்மா, உப்புக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி மாட்டிக்கிட்டு இருக்கு, சூடு பட்டதும் வெளிய வரப் பாக்கு, வழி இல்லாம உப்பையே உடைச்சிட்டு வருது, அதான் சத்தம். அம்மா சாம்பலைக் கிளறியபடியே, "அப்ப அதுக்கும் மூச்சு முட்டுதுன்னு சொல்லு" என்றாள். அன்றைக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது மூன்று பேர். உலகம்மாள், தம்பி சிதம்பரம், அப்புறம். திருகாணி மறுபடி உறுமியது. எத்தனையாவது பெட்டி இது? அந்தப் பெட்டிக்கு வந்துவிட்டார்களா?

மூடுபனி. காலையிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் இந்த உடுப்பை. கடலில் விழுந்தால் குளிரில் உயிர் போகாமல் இருக்க. நெஞ்சின் குறுக்கே தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு கனத்த ஜிப், அதைப் போட்டவரே கழற்ற முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் இழுத்துவிட வேண்டும். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் யாரோ விரலை வைத்துப் பார்ப்பது போல. உள்ளே வியர்வை முழங்காலுக்குப் பின்னால் இறங்கி எங்கும் போக வழியில்லாமல் தேங்கிக்கொண்டிருந்தது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள், வரவில்லை. சுவரில் இருந்த டீவியில், ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் எப்படித் தப்பிப்பது என்ற படம் சுழன்று சுழன்று ஓடியது. ஜன்னலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிரம்பும்வரை காத்திருங்கள், பிறகு வெளியேறுங்கள். நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பக்கத்து நாற்காலியில் நிமலன், துளை போடும் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர், சாவகச்சேரியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவன், இந்தத் தளத்தில் அவளோடு தமிழ் பேசும் ஒரே ஆள். அவனும் அதே மஞ்சள் உடுப்பில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தான். "என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கிறியள். ஹெலியில ஏறப் பயமோ?" "பயம் என்ன, நீதான் பக்கத்துல இருக்கியே. விழுந்தா உன்னைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம்." "நல்ல கதை. நான் நீந்தத் தெரியாதவன்." அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். சிரிப்பு நின்ற இடத்தில் இரண்டு பேரும் அந்தப் பெட்டியைத்தான் நினைத்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அவள் வாழ்நாள் முழுக்க உப்பைத்தான் படித்தாள். தின்கிற உப்பை இல்லை. இந்தக் கடலுக்கு அடியில், மணலுக்கும் சேற்றுக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் கீழே, இன்னொரு கடல் காய்ந்து கிடக்கிறது. மனிதன் இல்லை, பறவை இல்லை, பூகூட இல்லாத காலத்தில் வெயிலில் வற்றிப்போன கடல். மேலே பாறை ஏற ஏற, அந்த உப்பு பிசைந்த மாவு போல நெளிந்து, மெல்ல மெல்ல எழும்பி, குன்று குன்றாக நிற்கிறது. அதற்குள் ஊசிபோல ஒரு துளை இறக்கி, தண்ணீரை விட்டு உப்பைக் கரைத்து வெளியே எடுத்தால், கோபுரம் நுழைகிற அளவுக்கு ஓர் அறை உண்டாகும். காற்றாலைகள் தேவைக்கு மேல் ஓடுகிற நாளில் அந்த மின்சாரத்தால் ஹைட்ரஜன் பிரித்து அந்த அறைக்குள் அடைத்து வைப்பார்கள், காற்று ஓய்ந்த குளிர்காலத்தில் திறந்துவிடுவார்கள். ஹைட்ரஜன் எதிலும் நிற்காது, இரும்பின் வழியாகவே கசியும். உப்பில் மட்டும் நிற்கும். ஏனென்றால் உப்பில் விரிசல் விழுந்தால் உப்பே அதை மூடிக்கொள்ளும். கூட்டங்களில் இதைச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை. கேட்பவர்கள் முகம் மலரும், தானே ஆறிக்கொள்ளும் பாறை என்று. அதன் அடுத்த பாதியை அவள் மெதுவாகத்தான் சொல்வாள். அதே குணத்தால்தான், குடைந்த அறையையும் உப்பு சும்மா விடாது. நாலு பக்கமும் நெருங்கி வந்துகொண்டேயிருக்கும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். உள்ளே அழுத்தம் வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுவதை நிறுத்தினால், ஒரு நாள் அங்கே அறை இருந்ததற்கான அடையாளமே இருக்காது. வழவழவென்று உப்பு, அவ்வளவுதான். எதை இழந்தாலும் இழக்காத மாதிரி மூடிக்கொள்கிற வீடு. வீடு என்று ஏன் வருகிறது? உப்பு என்றுதானே நினைத்தாள்.

முந்தாநாள் அந்தத் துண்டு மேலே வந்தது. குழாய்க்குள் உருளையாக வெட்டுப்பட்டு வரும் பாறையைக் கோர் என்பார்கள், பெரிய முறுக்குக் குழலில் பிழிந்த மாவு மாதிரி நீளமாக வரும். அதைப் பெட்டியின் பள்ளத்தில் வரிசையாகக் கிடத்தி அளந்தபோது, துளைத்த நீளத்துக்கு ஒரு முழம் குறைந்தது. ஒரு முழப் பாறை எங்கோ காணாமல் போயிருக்கிறது, இருந்த துண்டுகள் ஒன்றோடொன்று சறுக்கி வந்து ஒட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தன. அப்படிக் காணாமல் போனால் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போன இடத்தில், போன அளவுக்கு, சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு மரக்கட்டையை வைக்க வேண்டும். பின்னால் கரையில் பெட்டியைத் திறப்பவன் கட்டையைப் பார்த்து, இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று தெரிந்துகொள்வான். எங்கே போனது என்று தெரியாவிட்டால் கட்டையை வரிசையின் அடிமுனையில் வைத்துவிடலாம், அதுவும் வழக்கம்தான். உலகம்மாள் வரிசையைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. இரண்டு துண்டுகள் சேர்கிற முனைகள் உடைந்த முனைகளாக இல்லை. வாயில் போட்டுச் சப்பி எடுத்த கல்கண்டு மாதிரி மழுங்கி, வழுக்கலாக. ஒரு முனையின் ஓரத்தில் நகக்கண் அளவு சிவப்பு. அவள் குனிந்து நாக்கால் தொட்டுப் பார்த்தாள், உப்புப் பாறை பார்ப்பவர்கள் எல்லோரும் செய்வது. கரிக்கவில்லை. கசந்தது. பேதி உப்புக் கசப்பு, நாக்கின் அடிவரை போய் நிற்கிற கசப்பு. கார்னலைட். பழைய கடல் வற்றி வற்றிக் கடைசித் துளிகளில் படிகிற மக்னீசிய உப்பு. சாதாரண உப்பு கரையாத உப்புத் தண்ணீரில்கூட அது கரைந்துவிடும்.

நிமலனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தொட்டுப் பார்த்தான், நக்கிப் பார்க்கவில்லை. "துளைக்கிற தண்ணியில உப்பு நிறைச்சுத்தானேக்கா விட்டனாங்கள். இனிக் கரைய இடமில்லை எண்ட அளவுக்கு. பிறகு எப்பிடிக் கரையும்?" "இந்த உப்பு கரையல, நிமலன். அந்த உப்பு கரைஞ்சிருச்சு. மக்னீசியமும் சேர்த்துக் கலந்திருக்கணும்." அவன் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். கலக்கியது அவன் ஆட்கள், உத்தரவு அவனுடையது. "இந்த இடத்திலதான் போனது எண்டு நிச்சயமோ?" என்றான். கதிர்வீச்சு அளக்கும் கருவியைத் துளைக்குள் இறக்கிப் பார்த்ததில் அந்த ஆழத்தில் வரைகோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது, ஆனால் களிமண் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். "களியாவும் இருக்கலாம்தானே. தெரியாட்டிக் கீழ வைக்கிறது வழக்கம்தானேக்கா. கீழ வைப்பம்." கீழே என்றால் அறை குடையப்போகிற ஆழத்துக்குக் கீழே, அங்கே எது இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. நடுவில் என்றால், அறையின் சுவரிலேயே. தண்ணீர் விட்டுக் கரைக்கும்போது சுவர் ஒழுங்காகக் கரையாது, அந்தச் சிவப்பு அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், அடுத்த அறைக்கும் இதற்கும் நடுவே விட்டுவைத்த சுவரைத் தின்றுகொண்டு. நடுவில் வைத்தால் இந்தக் குன்றையே விட்டுவிட்டு வேறு குன்று பார்க்க வேண்டியிருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், முதலில் நிமலன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. மூத்த மகள் இப்போதுதான் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி பிடித்திருக்கிறாள் என்று மட்டும், வேறு எதையோ பேசுவது போல, சொன்னான். சிவப்புக் கட்டையை எடுத்து அடியில் வைத்தது உலகம்மாளின் கைதான்.

வைத்த கை இப்போது ரப்பர் உறைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. திருகாணி நின்றது, மறுபடி தொடங்கியது. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் நிமலன், வழக்கத்தைவிட அதிகமாகக் கலகலப்பாக, அவள் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே கேட்டான், "உங்களுக்கு எத்தினை சகோதரமக்கா?" "நானும் தம்பியும். ரெண்டே பேருதான்." யோசிக்காமல் வந்தது. வாய் அதைச் சொல்லி முடித்தபோதுதான் காது கேட்டது. எத்தனை ஊரில், எத்தனை பேரிடம், இதே வேகத்தில், இதே குரலில். ரெண்டே பேரு. அந்த 'டே'யில் எவ்வளவு அழுத்தம். சறுக்கி வந்து ஒட்டிக்கொண்ட துண்டுகள். தென்காசி வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் மூன்று பாய் விரிப்பார்கள், சுவரோரம் உலகு, அந்தப் பக்கம் சிதம்பரம், நடுவில் மூத்தவள் கோமதி. கோமதி படுத்ததும் காலைத் தூக்கி இவள் மேல் போடுவாள், "ஏட்டி, எலும்பா இருக்கே, தலகாணிக்குக்கூட ஆக மாட்டே" என்பாள். இருட்டில் அவள் விரல்கள் பாயின் மேல் தட்டிக்கொண்டேயிருக்கும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போகத் தொடங்கிய நாளிலிருந்து. பாயில் என்னளா அடிக்கே என்று கேட்டால், லெட்டர் என்பாள். யாருக்கு? உனக்குத்தான், படிச்சுக்கோ. உலகம்மாள் கல்லூரி லீவுக்கு வந்திருந்த அந்த நாட்களில்தான் அந்த இன்ஸ்டிட்யூட்டில் பழகியவரோடு அவள் வீட்டை விட்டுப் போனாள், மறுநாள் காலையில் அப்பா கிணற்றடியில் நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பது போல. தலைமுழுகியாச்சு என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் அவர் முதுகில் வழிந்து கல்லில் இறங்கி வாழைக்குப் போயிற்று. நல்ல தண்ணீர். அன்று ராத்திரி அம்மா இரண்டு பாய் விரித்தாள். நடுவே ஒரு ஆள் இடம் கிடந்தது. அம்மா சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் குனிந்து சிதம்பரத்தின் பாயை இழுத்து உலகம்மாளின் பாயோடு சேர்த்துப் போட்டாள். இடைவெளி இல்லாமல். அடுத்த வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டபோது இரண்டு தலையைத்தான் சுற்றினாள். சத்தம் அதே சத்தம்தான், ஒன்றும் குறையவில்லை. உலகம்மாள் குறையும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தள்ளுவதற்கு யாருமில்லை, நாலு பக்கமும் நெருங்கி வந்து மூடிக்கொண்டது. பெயர் சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார், அதனால் பெயர் நின்றது. சங்கரன்கோவிலுக்குப் போவதுகூட நின்றது, அங்கே அம்மன் பேரும் கோமதி. உலகம்மாள் படித்தாள், படித்துக்கொண்டே வெளியே போனாள், தூத்துக்குடிக் கல்லூரியிலிருந்து மெட்ராஸ், பிறகு கடல் தாண்டி. எவ்வளவு தூரம் போனாலும் யாராவது கேட்டால் ரெண்டே பேரு. நானா மூடினேன், பெரியவர்கள் மூடினார்கள் என்று எண்ணிக்கொள்வாள். பாயை இழுத்தது அம்மா. சரி, அந்தப் பாயில் படுத்தது யார்? அப்பா போய், அம்மா போய், கேட்டால் கோபப்பட ஒருத்தரும் இல்லாமல் போன பிறகும் சொன்னது யார்? இரண்டு வருஷத்துக்கு முன் சிதம்பரம் போனில், அதை இப்போது நினைக்க வேண்டாம். வீட்டு வரி, தண்ணீர்க் குழாய், மாமா மகளுக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ஆங், சொல்ல மறந்துட்டேன் என்று. வேண்டாம். டீவியில் ஹெலிகாப்டர் மறுபடி கவிழ்ந்தது, மறுபடி தண்ணீர் நிரம்பியது, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லாத அந்த ஆள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். களிமண்ணாகவும் இருக்கலாமே. இருக்கலாம். நாக்கு கசந்ததே. நாக்குக்கு வயதாகிவிட்டது, அறுபதை நெருங்குகிறது, போன வாரம் காப்பியே கசந்தது. அறை குடைய இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது, அதற்குள் வேறு யாராவது வேறு துளை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்காவிட்டால்? அடியில் கட்டையைப் பார்த்துவிட்டு, நடுவெல்லாம் சுத்த உப்பு என்று நம்பித் தண்ணீரை விடுவார்கள். சிவப்பு அடுக்கு கரைந்து ஓடும். அப்போது இந்தத் தளத்தில் வேலை செய்பவர்கள் யாராக இருக்கும்? அவர்களுக்கும் பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகள் இருக்கும். நிமலன் மகளின் பெயர் என்ன? கேட்டதேயில்லை. மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்று திரும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர், உப்புக்குள், இருபத்தைந்து கோடி வருஷம். மூச்சு முட்டுதுன்னு சொல்லு என்றாளே அம்மா, அப்போது அவள் முகம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா யாரைச் சொன்னாள்?

சத்தம் நின்றது. இந்த முறை நின்றதுதான், திரும்பத் தொடங்கவில்லை.

"முடிஞ்சுது போல" என்றான் நிமலன், யாரையும் பார்க்காமல். ஒலிபெருக்கி கரகரத்தது. பனி விலகிவிட்டது, ஹெலிகாப்டர் இறங்கப்போகிறது, எல்லோரும் வரிசையில் நில்லுங்கள். நாற்காலிகள் நகர்ந்தன. மஞ்சள் உடுப்புகள் எழுந்து, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக் கதவுப் பக்கம் திரும்பின. உலகம்மாள் எழுந்திருக்கவில்லை.

"நிமலன், இந்த ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி விடு."

"இப்பவோக்கா? ஹெலி வந்திட்டுது."

"வரட்டும். அந்தப் பெட்டியத் திறக்கணும்."

அவன் எந்தப் பெட்டி என்று கேட்கவில்லை. வரிசை ஓரடி நகர்ந்தது, அவன் நகரவில்லை. "என்ர பேர்தான் அடிபடும்" என்றான்.

"என் பேரும்தான். கட்டையக் கீழ வச்சது நான்."

"உங்களுக்கு அது பரவாயில்லை. உங்களுக்குப் போறதுக்கு வயசு வந்திட்டுது."

"வந்துட்டு" என்றாள். "உன் மூத்தவ பேரு என்ன?"

"ஆரணி." அவன் குரல் சற்றுக் கெட்டியானது. "அவவை ஏன் இதுக்க இழுக்கிறியள்?"

"இழுக்கல. கேக்காம இருந்துட்டேன்."

அவன் அவளுடைய தோளருகே கையை வைத்து ஜிப்பின் தலையைப் பிடித்தான். அது உப்புக் காற்றில் இறுகியிருந்தது, இரண்டு தடவை இழுத்த பிறகுதான் இறங்கியது. குளிர்ந்த காற்று நெஞ்சில் பட்டது. அவள் கதவை நோக்கி நடந்தபோது பின்னால் அவன் குரல் வந்தது. "நில்லுங்கோ. உங்களுக்குத் திருகாணி கழட்டத் தெரியாது."

வெளித்தளத்தில் பனி கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது, ஊடே கடல் சாம்பலாகத் தெரிந்தது. மேலே ஹெலிகாப்டர் அவர்கள் இருவர் இல்லாமல் எழும்பியது. நிமலன் மண்டியிட்டு, கப்பல் ஆட்களின் கேள்விகளுக்கெல்லாம் கையை மட்டும் அசைத்துவிட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குச் சுழற்றினான். அதே சத்தம், தலைகீழாக. மூடி கழன்று வந்ததும் உலகம்மாள் அடியில் இருந்த சிவப்புக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழுக்கலாக மழுங்கிய அந்த இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் இரண்டு கைகளையும் வைத்து, மேல் துண்டுகளை மேலேயும் கீழ்த் துண்டுகளைக் கீழேயும் தள்ளினாள். கல் கல்லோடு உரசிக்கொண்டு விலகியது. ஒரு முழம் பள்ளம் காலியாகக் கிடந்தது. அதில் கட்டையைக் கிடத்தினாள். பொருந்திற்று. நிமலன் இந்தத் தடவை சுண்டுவிரலால் அந்தச் சிவப்பு ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"கைக்குது" என்றான். பிறகு, "முந்தநாளே கீழ வைக்கேலாது எண்டு சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். கோபம் இருந்தது, கோபம் மட்டும் இல்லை.

"நேத்து நீ ஒண்ணு கேட்டேல்லா, எத்தனை பேருன்னு. மூணு பேரு. எனக்கு மேல ஒரு அக்கா உண்டு. கோமதி."

"எங்க இருக்கிறா?"

கோமதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதத்தில், நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். சிதம்பரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். தென்காசி வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.